சந்திரப்பிரபு நயினாரும் ரிஜக்ட் தண்ணீரும்

நல்லவர்களோடு வேலை செய்வதில் ஒரு தொல்லை உண்டு. திருடன் எங்கே கை வைப்பான் என்று தெரியும், அங்கே பூட்டுப் போட்டுவிடலாம். நல்லவர் எங்கே கை வைப்பார் என்று எவனுக்குத் தெரியும்? எட்டு மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியவில்லை.

நான் மாசிலாமணி. சொந்த ஊர் கிளியனூர். இப்போது குடியிருப்பது திண்டிவனத்தில். அங்கிருந்து வல்லத்துக்குப் பக்கத்திலுள்ள ஹைட்ரஜன் பிளாண்ட்டுக்கு தினமும் வண்டி ஓட்டிக்கொண்டு போய், கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து முள் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. தண்ணீரிலிருந்து எரிபொருள் எடுக்கிற இடம் என்று சொன்னால் என் மாமனார் இன்னும் நம்புவதில்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால் பச்சிலையைப் போட்டுப் பெட்ரோல் எடுக்கிறேன் என்று ஒருவன் அவரை ஏமாற்றியிருக்கிறான்.

இதில் ஏமாற்று கிடையாது. வளைந்த கண்ணாடிகள் வரிசை வரிசையாக நின்று வெயிலைக் குவித்துத் தண்ணீரை ஆவியாக்கும். அந்த ஆவியை இன்னும் சூடேற்றி உள்ளே விட்டால், சோலார் பேனலிலிருந்து வருகிற கரண்ட் அதை ஹைட்ரஜன் தனி, ஆக்ஸிஜன் தனி என்று பிரித்துவிடும். முதலிலேயே வெயில் பாதி வேலையைச் செய்துவிடுவதால் கரண்ட் குறைவாகப் பிடிக்கும். விழுப்புரம் மாவட்டத்தில் வெயிலுக்கு என்ன பஞ்சம்? தண்ணீருக்குத்தான் பஞ்சம். கம்பெனி அதை இரண்டாவதாகத்தான் யோசித்தது.

அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்து கொடுக்கிற செக்‌ஷனுக்கு ஆபரேட்டராக வந்தவர்தான் சந்திரப்பிரபு. வயது ஐம்பத்து மூன்று. மேல்சித்தாமூர்க்காரர், சமணர். எங்கள் பக்கத்தில் அவர்களை நயினார் என்போம், வாய்ப்பேச்சில் நைனாரு. பரம்பரையாக இந்த மண்ணில் இருக்கிறவர்கள். சூரியன் மறைந்த பிறகு சாப்பிட மாட்டார்கள். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு இவர் டிபன் பாக்ஸைத் திறந்தால், பிளாண்ட்டே தீப்பிடித்தாலும் கடைசிக் கவளத்தை இறக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஹைட்ரஜன் தீப்பிடித்தால் அவ்வளவு நேரம் கிடைக்காது என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் இன்னும் சீக்கிரமாகச் சாப்பிடுகிறேன் என்று ஐந்தரைக்கே திறக்க ஆரம்பித்தார்.

அதற்கு முன்னால் பதினோரு வருடம் திண்டிவனத்தில் ஒரு மினரல் வாட்டர் கம்பெனியில் இருந்திருக்கிறார். அந்த வேலை போன விதத்தைக் கேளுங்கள். நயினார் தன் கையால் வடிகட்டி, காய்ச்சி ஆற்றிய தண்ணீரைத் தவிர வேறு எதையும் குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து ஒரு கூஜா நிறையக் கொண்டுபோவார். ஒரு நாள் முதலாளி பெரிய கான்ட்ராக்டர் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்து, "இதைவிட சுத்தமான தண்ணி தமிழ்நாட்டுலயே கிடையாதுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, பின்னால் பாட்டிலுக்கு மூடி போடுகிற ஆள் தன் கூஜாவைத் திறந்து மடக் மடக்கென்று குடித்தார். கான்ட்ராக்ட் போயிற்று. மறுநாள் நயினாரும் போனார்.

எங்கள் பிளாண்ட்டுக்கு இன்டர்வியூவுக்கு வந்தபோது கேள்வி கேட்டது சங்கவி. பிளாண்ட் என்ஜினீயர், விழுப்புரத்துப் பெண், முப்பது வயதுகூட ஆகவில்லை. நயினார் அந்தப் பெண்ணைத் திருப்பிக் கேட்டார்.

"மேடம், ஒரே ஒரு சந்தேகங்க. தண்ணிய உடைக்கிறோம்னு சொல்றீங்க. உடைக்கிறதுக்கு முன்னாடி காய்ச்சுறமா?"

"காய்ச்சாம எப்படிண்ணா? ஆவியாத்தான் உள்ளயே போவும்."

"அப்ப வர்றேங்க."

விஷயம் என்னவென்றால், பச்சைத் தண்ணீரில் உயிர் உண்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரில் கிடையாது என்பது அவர்கள் முறை. உடைக்கிற வேலையா, வேண்டவே வேண்டாம் என்று அவருடைய மனைவி அனந்தவல்லி வீட்டில் பிடிவாதமாக இருந்திருக்கிறார். ஆவியாக்கிப் பிரிப்பது மேலா, பச்சைத் தண்ணீராகவே பிரிப்பது மேலா என்று உலகம் முழுக்க விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நயினார் வீட்டில் அது அரை நிமிடத்தில் முடிவாகிவிட்டது.

தண்ணீருக்குக் கிணறு வேண்டுமே. பிளாண்ட் வேலியை ஒட்டி சீனுவாசனுடைய கிணறு இருந்தது. சீனுவாசன் ஒரு காணி நிலத்தில் மல்லாட்டையும், அதாவது நிலக்கடலையும், கேப்பையும் போடுகிறவர். நயினாரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். கம்பெனி ஆட்கள் நான்கு முறை போய்க் கேட்டும் குத்தகைக்கு விட மறுத்தவர், நயினார் ஒரு முறை போய்ச் சொன்னதும் கையெழுத்துப் போட்டார். "கம்பெனிக்காரன நான் நம்பலபா. நைனாரு சொல்லிட்டாரு, அவரு இருக்கிற எடத்துல தப்பு நடக்காது" என்று என்னிடமே சொன்னார். அந்த ஒரு கிணறுதான் அவர் குடும்பத்துக்கு. குடிப்பதும் அதுதான், மாட்டுக்கும் அதுதான், கொல்லைக்கும் அதுதான்.

கிணற்றுத் தண்ணீரை ஆர்.ஓ. மிஷினில் விட்டால் பத்துக்கு ஆறு பங்கு சுத்தமாக வரும். மிச்சம் நாலு பங்கு உப்போடு வெளியே தள்ளப்படும். அதைக் கறுப்புத் தார்ப்பாய் விரித்த ஒரு பெரிய குழியில் விட்டு வெயிலில் காய வைக்க வேண்டும். மிஷின் ஓட ஆரம்பித்த முதல் நாள் இதை நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். என் வாயில் மண்ணைப் போட.

"இதுக்குப் பேரு ரிஜக்ட் தண்ணி, நைனாரே."

"ரிஜக்ட்னா?"

"வேணாம்னு தள்ளிட்டது."

"நாம வேணாம்னு தள்ளிட்டோம். அதுல இருக்கிற உயிரு எங்க போவும்? இந்தக் குழியில போட்டு வெயில்ல வறுத்துடுறதா?"

"பேஜாரு பண்ணாதீங்க. ஜல்தி அந்த வால்வைத் திருப்புங்க."

திருப்பினார். எந்தப் பக்கம் திருப்பினார் என்று நான் பார்க்கவில்லை.

அவர்கள் வீட்டில் தண்ணீர் வடிகட்டுகிற விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். வெள்ளைத் துணியை இரண்டாக மடித்து அதன் வழியாக ஊற்றுவார்கள். ஊற்றி முடித்ததும் நாம் துணியை உதறிக் காயப்போடுவோம். அவர்கள் அந்தத் துணியைத் திருப்பிப் பிடித்து, வடிகட்டிய தண்ணீரையே ஊற்றி அலசி, அந்த அலசலை எடுத்த கிணற்றிலேயே கொண்டுபோய் விடுவார்கள். துணியில் தங்கின உயிர்கள் தங்கள் இடத்துக்கே போய்ச் சேர வேண்டும். மேலிருந்து கொட்டக்கூடாது, அடிபடும். பாத்திரத்தைக் கயிற்றில் இறக்கி, தண்ணீரைத் தொட்ட பிறகு சாய்க்க வேண்டும்.

நயினாருக்கு ஆர்.ஓ. மிஷின் என்பது பெரிய வெள்ளைத் துணி. அவ்வளவுதான். அறுபது அடி ரப்பர் ஹோஸ் ஒன்றைத் தன் கைக்காசில் வாங்கி, ரிஜக்ட் வால்வில் மாட்டி, தினமும் நாலு மணிக்குக் கிணற்றுக்குள் இறக்கி, நுனி தண்ணீரைத் தொடுகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திறந்துவிடுவார். கிணற்றில் ஏற்கெனவே கம்பெனிக் குழாய் கிடந்ததால் இன்னொன்றை யாரும் கவனிக்கவில்லை. தார்ப்பாய்க் குழி காய்ந்து கிடந்தது. வெயில் அதிகம், உடனே ஆவியாகிவிடுகிறது என்று நாங்கள் பெருமையாக ரிப்போர்ட்டில் எழுதினோம்.

மூன்றாவது மாதத்திலிருந்து கோளாறு ஆரம்பித்தது. ஆவிக் குழாய்களில் வெள்ளையாகப் படிந்து அடைத்தது. ஆர்.ஓ. வடிகட்டிகள் ஒரு வருடம் வரவேண்டியவை ஒரே மாதத்தில் செத்தன. கிணற்றுத் தண்ணீரில் உப்பைக் காட்டுகிற டி.டி.எஸ். அளவு எழுநூறில் இருந்தது ஆயிரம் ஆயிற்று, ஆயிரத்து எண்ணூறு ஆயிற்று. ஒவ்வொரு நாளும் அளந்து நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதி வைத்தவர் நயினார்தான். எழுதிவிட்டு, "பாவம் சீனு கெணறு, இன்னா ஆச்சோ தெரியல" என்று உண்மையாகவே வருத்தப்பட்டுவிட்டு, நாலு மணிக்கு எழுந்து ஹோஸை இறக்கப் போவார்.

சென்னை ஆபீஸ் ஒரு நிபுணரை அனுப்பியது. அவர் மூன்று நாள் தங்கினார். மண்ணைத் தோண்டினார், கல்லைத் தட்டினார், எங்களை எல்லாம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார். நயினாரை ஒன்றும் கேட்கவில்லை, டீ மட்டும் கேட்டார். நாற்பத்தாறு பக்க அறிக்கை வந்தது. மரக்காணத்துப் பக்கமிருந்து கடல்நீர் நிலத்தடியில் ஊடுருவி வருகிறதாம். கடல் எங்கே, வல்லம் எங்கே! வழியிலுள்ள எந்த ஊரையும் தொடாமல், திண்டிவனத்தையும் சுற்றிக்கொண்டு, நேராக சீனுவாசன் கிணற்றுக்கே வந்து சேர்ந்திருக்கிறது கடல். அந்த அறிக்கையைப் படித்துவிட்டு டெல்லியில் யாரோ அசந்துபோனார்கள் என்று கேள்வி. கடல்நீர் ஊடுருவிய பகுதியில் ஹைட்ரஜன் தயாரிப்பது எப்படி என்று ஆராய, எங்கள் பிளாண்ட்டுக்கு இரண்டாம் கட்டத்துக்கே பணம் ஒதுக்கிவிட்டார்கள்.

ஆவணி மாதம் ஒரு காலையில் சீனுவாசனின் மனைவி அம்சா கேட்டுக்கு வந்து நின்றார். கையில் வேரோடு பிடுங்கின மல்லாட்டைச் செடிகள். இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது.

"எங்க கெணத்துல இன்னாத்த ஊத்துறீங்க? கொல்லையே தீஞ்சி கெடக்குது. மாடு வாய வச்சிட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. நாங்க மனுசங்க, அதையே குடிச்சிக்கினு கெடக்குறோம். எந்த கெமிக்கல ஊத்துறீங்க, சொல்லுங்க!"

நானும் சங்கவியும் வாயைத் திறப்பதற்குள் நயினார் முன்னால் போய்விட்டார். தன் கம்பெனியைப் பற்றி அபாண்டமாகப் பேசினால் அவருக்குப் பொறுக்காது.

"கெமிக்கல் கிமிக்கல் ஒண்ணும் கிடையாது தங்கச்சி. நான் சொல்றேன், கேளு. கெணத்துல இருந்து எடுத்ததைத்தான் கெணத்துலயே வுடுறேன். வேற ஒரு சொட்டு சேக்கல."

சங்கவி திரும்பினாள். "எதைண்ணா விடுறீங்க?"

"ரிஜக்டைங்க மேடம்."

"எவ்ளோ நாளா?"

"மிஷின் ஓடுன நாள்ல இருந்துங்க. ஒரு நாள் தவறினதில்ல."

சங்கவி கத்தவில்லை. கேன்டீனிலிருந்து பத்து டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து ஒரு குண்டானில் ஊற்றி, ஒரு பிடி உப்பைப் போட்டுக் கலக்கினாள். "இதுல இருந்து ஆறு டம்ளர் நல்ல தண்ணி எடுத்துட்டோம்னு வைங்கண்ணா. உப்பு எங்க இருக்கும்?"

"மிச்சம் நாலு டம்ளர்ல."

"அந்த நாலைத் திரும்ப ஊத்தினா?"

நயினார் குண்டானையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்சா கையிலிருந்த செடிகளை வாங்கி, இலையைத் தடவிப் பார்த்தார். ஐயோ, அந்த முகத்தை நான் பார்த்திருக்கவே வேண்டாம்.

"அப்ப கடல் வரலியா?" என்று கேட்டேன். எனக்கு எப்போதுமே நேரங்கெட்ட நேரத்தில்தான் வாய் வேலை செய்யும்.

"கடல் வரலண்ணா," என்றாள் சங்கவி. "நம்ம ஹோஸுதான் போயிருக்கு."

அன்று பிற்பகலே சென்னை ஆபீஸோடு வீடியோவில் பேசினோம். நயினார் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு கேமரா முன்னால் நின்று, "தப்பு என்னுதுங்க. கடல் ஒண்ணும் பண்ணல. நான்தான் உப்ப ஊத்திட்டேன்" என்றார். அந்தப் பக்கமிருந்து ஒரு பெரிய அதிகாரி, "நீங்க ஜியாலஜி படிச்சிருக்கீங்களா?" என்றார். இல்லை என்றார் நயினார். "அப்ப இதைப் பத்தி நீங்க முடிவு சொல்லக்கூடாது. ரிப்போர்ட் போயாச்சு. அந்தக் கிணறு இப்ப ஆதாரம். யாரும் தொடக்கூடாது, அப்படியே இருக்கணும்" என்றார். ஒரே வாரத்தில் நயினாரை சீனியர் ஆபரேட்டர் ஆக்கி ஆர்டர் வந்தது. எட்டு மாத அளவுகளை இவ்வளவு ஒழுங்காக எழுதி வைத்ததற்குப் பாராட்டுக் கடிதம் வேறு.

சீனுவாசனிடம் போய்ச் சொன்னார். நானும் கூடப் போனேன். அம்சா கேட்டில் நடந்ததை முன்பே சொல்லியிருந்தும் அந்த மனுஷன் நம்பவில்லை.

"வேலையக் காட்டி மெரட்டி உன்ன சொல்ல வச்சிட்டானுங்க, நைனாரு. அவனுங்க தப்ப உன் தலையில கட்டுறானுங்க."

"இல்ல சீனு. சத்தியமா நான்தான்."

"சும்மா இரு. எறும்ப மிதிக்காம நடக்கிற ஆளு நீ. என் கெணத்தக் கெடுப்பியா? போ, போய் வேலையப் பாரு."

மூன்று வாரம் இதே கதை. டீக்கடையில் சொன்னார், சிரித்தார்கள். மேல்சித்தாமூரில் சொன்னார், மற்றவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்று இன்னும் கொஞ்சம் கும்பிட்டார்கள். மனுஷன் இளைத்துப் போனார். வேளைக்கு ஒரு பிடி கேப்பைக் களியோடு சரி. தன்னைத் திட்டுவதற்கு ஆள் தேடி அலைந்தவரை என் வாழ்க்கையில் அப்போதுதான் பார்த்தேன். நான் திட்டினேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் எல்லோரையும் திட்டுகிறவன் என்பதால் அது கணக்கில் வரவில்லை.

ஒரு நாள் அவர் சங்கவியிடம், கிணற்றை மீட்க வழி உண்டா என்று கேட்டார். உண்டு. ஐப்பசி மழைக்கு முன்னால் கிணற்றை அடிமட்டம் தெரிகிறவரை இறைக்க வேண்டும். அந்தத் தண்ணீர் நிலத்தில் பட்டால் நிலம் போய்விடும், அதனால் முழுவதும் தார்ப்பாய்க் குழியில் காய வேண்டும். ஊற விட்டு மறுபடி இறைக்க வேண்டும். இப்படி மூன்று தடவை. மழையும் நன்றாகப் பெய்தால் கிணறு பிழைக்கும். மழைக்கு முன்னால் செய்யாவிட்டால் உப்பு சுற்றுப்புறமெல்லாம் பரவும், அடுத்த பட்டமும் போகும்.

"அடிமட்டம் வரைக்குமா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா. ஒரு அடி விட்டாலும் உப்பு நிக்கும்."

எட்டு மாதம் நுனி தண்ணீரைத் தொடுகிறதா என்று பார்த்துப் பார்த்து இறக்கிய ஆள். அந்த உயிர்கள் எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்து அதே குழியில் வறுக்க வேண்டும் என்கிறாள். அவர் வீட்டுக்குப் போய் அனந்தவல்லியிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள், "கெணத்துக்குள்ள இருக்கிறது மட்டும்தான் உயிரா? அம்சா வூட்ல இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

வெள்ளிக்கிழமை சங்கவி எங்கள் இருவரையும் பார்த்து, "நாளைக்கு நான் விழுப்புரம் போறேன். நாள் பூரா வேலை இருக்கு. பிளாண்ட்ல என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, குழிக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வால்வின் சாவியை மேஜை மேலேயே மறந்துவிட்டுப் போனாள். அந்தப் பெண் எதையும் மறக்கிற ரகம் இல்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நயினார் கிணற்றில் இறங்கினார். ஒரு பக்கெட்டும் ஒரு வலையும். கெண்டைக் குஞ்சுகள், தவளைகள், நத்தைகள், கடைசியில் ஒரு தண்ணீர்ப் பாம்பு. ஒவ்வொரு பக்கெட்டையும் என் வண்டியில் வைத்துக்கொண்டு ஏரியில் விட்டுவிட்டு வந்தேன். பாம்போடு வண்டி ஓட்டினது அதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும் அதுவே. கண்ணுக்குத் தெரிந்தவற்றை எடுத்து முடிக்கப் பத்தரை ஆயிற்று. தெரியாததற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

"நகருங்க, நான் மோட்டார் போடுறேன்," என்றேன். "எனக்கு இந்தப் பாவ புண்ணியமெல்லாம் பழக்கம் இல்ல."

"வேணாம் மாசிலாமணி. நான்தான் போடணும்."

ஸ்விட்சில் கை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். போட்டுவிட்டார். கடமுடவென்று மோட்டார் ஓட ஆரம்பித்தது. கிணற்று மேட்டில் உட்கார்ந்து, தண்ணீர் இறங்க இறங்கப் பார்த்துக்கொண்டு, சத்தம் இல்லாமல் அழுதார். ஐம்பத்து மூன்று வயது ஆள் அப்படி அழுதால் பக்கத்தில் நிற்கிறவன் எங்கே பார்ப்பது? நான் சோலார் பேனல்களைப் பார்த்தேன்.

மோட்டார் சத்தம் கேட்டு சீனுவாசன் கொல்லையிலிருந்து ஓடிவந்தார். "எவன்டா மோட்டார் போட்டது?" என்று கத்திக்கொண்டே வந்தவர், நயினாரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கிணற்றை எட்டிப் பார்த்தார். பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் குழி நிறைந்துகொண்டிருந்தது. மறுபடி நயினாரின் முகத்தைப் பார்த்தார். ஒரு சிநேகிதனைக் காப்பாற்ற, வேலையைக் காப்பாற்ற இந்த மனுஷன் பொய் சொல்லுவார் என்று வேண்டுமானால் அவர் நம்பலாம். ஒரு பொய்க்காக ஒரு கிணற்றை இறைத்துக் கொல்லுவார் என்று நம்ப முடியாது. அது அவர் முகத்தில் ஏறுவதை நான் பார்த்தேன்.

"அப்ப நீதானா?" என்றார். "நெசமாவே நீதானா?"

"நான்தான் சீனு."

"அடப்பாவி! தெனம் என் கெணத்தாண்ட வந்து குந்திக்கினு, என்கூடவே பேசிக்கினு, இந்த வேலையா பண்ணிக்கினு இருந்த? ஒரு வார்த்த கேட்டியா என்ன? என் மல்லாட்டை பூரா போச்சேடா! அம்சா வயித்து வலின்னு துடிக்குறா, ஆஸ்பத்திரிக்கு நடந்துக்கினு கெடக்குறேன். உன்ன நம்பிக் கையெழுத்துப் போட்டேனே, நான் ஒரு மடையன்! நீயெல்லாம் ஒரு..."

மேலே என்னென்னவோ சொன்னார். மோட்டார் இரைச்சலில் பாதி என் காதிலேயே விழவில்லை. நயினார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, அவருக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே போய் நின்றார்.

"சத்தமா சொல்லு சீனு," என்றார். "சரியா காதுல வுழல."